அந்தப் பெட்டி இல்ல

கட்டிலுக்கு அடியில் அனற் இடுப்புவரை நுழைந்திருந்தாள். முகமெல்லாம் ஒட்டடை. வெளியே ஹோலில் ஜெபமாலை மூன்றாவது பத்துக்கு வந்துவிட்டது. செத்த வீட்டில் மகள் இருக்க வேண்டிய இடம் தகப்பனின் தலைமாடு, கட்டிலின் அடியல்ல என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மணி பத்தரையாகிவிட்டது. மடவளையிலிருந்து தாஸிம் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். அவர் அப்பாவிடம் திருத்தக் கொடுத்திருந்த சின்ன ரயில் எஞ்சின் எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் சுவரோரமாக இருந்த நீல அட்டைப் பெட்டி விரலில் பட்டது. இழுத்தவுடனேயே தெரிந்துவிட்டது. பாரமில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே பஞ்சு மட்டும், எஞ்சின் படுத்திருந்த பள்ளத்தோடு.

சாந்தகுமார் வாசலில் வந்து நின்றார். செத்துப்போன அப்பா மத்தியாஸின் தம்பி. வியாழக்கிழமையிலிருந்து இந்த வீட்டை நடத்துவது தானே என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"என்னா மக, அங்க என்னா பண்ற?"

"பெட்டியத் தேடினேன் சித்தப்பா."

"பெட்டியா?" அவர் திரும்பி ஹோலைப் பார்த்தார். அண்ணன் அங்கே பத்திரமாகத்தான் இருந்தார். மறுபடி அனற்றைப் பார்த்தார். "பெட்டி அங்கதானே மக இருக்கு. எழும்பு, எழும்பு. ஏதாவது குடிச்சியா நீ?"

பிள்ளைக்குத் துக்கத்தில் மண்டை குழம்பிவிட்டது என்று அவர் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் யாரோ ஒரு பெண் சோடாப் போத்தலோடு வந்தாள். அனற் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அப்பாவின் வேலை அறைக்குப் போனாள். சூட்டுக்கோல், மீட்டர், பூதக்கண்ணாடி விளக்கு, ஒன்றரை முழத் தண்டவாளம், எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. எஞ்சின் இல்லை.

மிச்சம் அம்மா ஒருத்திதான்.

டொரதி பெட்டியின் தலைமாட்டில் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமையிலிருந்து அவள் அழவில்லை. வந்த பெண்களுக்கு அதுதான் பெரிய கவலை. 'ஒரு மூச்சு அழுதுட்டா நல்லது' என்று ஆளுக்கு ஆள் சொல்லிப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினாள், அவ்வளவுதான். அனற் பக்கத்தில் குந்தி, ஜெபமாலைச் சத்தத்துக்குக் கீழாகக் குரலை இறக்கினாள்.

"அம்மா, தாஸிம் அங்கிளோட எஞ்சின எங்க வச்சீங்க?"

"பெட்டியில வச்சிட்டேன்."

"பெட்டி வெறுமையா இருக்கே. இப்பதான் கட்டிலுக்குக் கீழ எடுத்துப் பாத்தேன்."

டொரதி மகளைப் பார்க்கவில்லை. "அந்தப் பெட்டி இல்ல," என்றாள்.

அனற் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். ஓய்வு பெற்ற வருடம் தைத்த சாம்பல் கோட்டில் அப்பா படுத்திருந்தார். கையில் வெள்ளைக் கையுறை, அதைச் சுற்றி ஜெபமாலை. இடுப்பிலிருந்து பாதம்வரை வெள்ளை வலைத்துணி. இடது காலோரம் அந்தத் துணி கொஞ்சம் மேடாக இருந்தது. பிரேதத்தைத் தயார் செய்த மலர்ச்சாலைக்காரர்கள் ஏதோ பஞ்சு அடைத்திருக்கிறார்கள் என்றுதான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா..."

"அவருதான் சொன்னாரு. 'அத பெட்டியில வச்சிரு, மறந்துறாத.' அதுதான் கடைசிப் பேச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல்ல."

பக்கத்துக் கதிரைப் பெண் மூக்கை உறிஞ்சினாள். அனற்றுக்கு அப்போதுதான் விளங்கியது, இது தனக்குத்தான் புதுச் செய்தி. வீடு முழுக்கத் தெரிந்திருக்கிறது. மத்தியாஸ் கடைசி மூச்சில் தன் கோச்சி எஞ்சினைத் தன்னோடு அனுப்பச் சொன்னார் என்று சாந்தகுமார் நேற்றே பந்தலில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தார். மரணாதாரச் சங்கத்தின் செயலாளர் பண்டா மாத்தையாகூட 'அனே' என்று சிங்களத்தில் இரங்கிக் கண்ணைத் துடைத்தாராம்.

தமிழில் சாமான் வைப்பதும் பெட்டி, ரயிலில் கொழுவுவதும் பெட்டி, ஆளைப் புதைப்பதும் பெட்டி. ஒரு சொல்லுக்கு இத்தனை வேலை கொடுத்திருக்க வேண்டியதில்லை. அப்பா இன்னும் ஒரே ஒரு சொல் சேர்த்து 'அட்டைப் பெட்டி' என்று சொல்லியிருக்கலாம். மூச்சு இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

அந்த எஞ்சின் அப்பாவுடையது அல்ல. சிக்கலே அதுதான்.

அது ஒரு சாண் நீளக் கறுப்பு நீராவி எஞ்சின். பின்னால் நிலக்கரித் தொட்டி. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வெள்ளைக்காரத் துரை, சீமைக்கே திரும்பிப் போகும்போது தன் பிள்ளையின் விளையாட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போனார். மடவளையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த தாஸிமின் வாப்பா அதை வாங்கி, அந்த மாதம் பிறந்த மகனுக்கு வைத்தார். ஆக, எஞ்சின் இந்த வீட்டுக்கு வந்தபோது தாஸிமுக்கு வயது அறுபது, எஞ்சினுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. கடைக்கு மேல்மாடியில் பெரிய மேசை போட்டுத் தண்டவாளம் விரித்து, புதுச் சாதி எஞ்சின்கள் ஐந்தாறு ஓடவிட்டிருந்தார் தாஸிம். எல்லாம் டிஜிட்டல். இந்தக் கிழடு மட்டும் அந்த மேசையில் ஓட முடியாமல் அலுமாரியில் கிடந்தது. அதையும் ஓட வைத்துத் தரச் சொல்லித்தான் அப்பாவிடம் கொடுத்தார்.

பழைய முறையில் தண்டவாளத்தில் கரண்டைக் கூட்டினால் எஞ்சின் ஓடும், குறைத்தால் நிற்கும். புது முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழுக் கரண்ட். எஞ்சினுக்குள் நகமளவு சிப் ஒன்று இருக்கும், அதற்கு ஓர் இலக்கம் இருக்கும். கையிலுள்ள கருவியில் அந்த இலக்கத்தை அழுத்தி 'போ' என்றால் அந்த எஞ்சின் மட்டும் போகும். பழைய எஞ்சினுக்குச் சிப் வைப்பது லேசான வேலையில்லை. அந்தக் காலத்து மோட்டாரின் ஒரு பக்கம் எஞ்சின் உடம்போடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்து, நடுவில் கரண்ட் பாயாத ஏதாவதொன்றை வைத்து மறைக்காவிட்டால், சிப் வைத்த மறுநொடி புகை.

புகை வந்தது. ஆனி மாதம் முதலாவது சிப் எரிந்தது. அனற்றுக்குக் கண்டி டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை. அரிசிமணியில் பாதி அளவுச் சாமான்களைச் சூட்டுக்கோலால் ஒட்டி எடுப்பவள். அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்ததால் ஒட்டுகிற வேலை அவளுடையது, எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற வேலை அவருடையது என்று பேச்சு.

"மீட்டர் வச்சுப் பாத்தீங்களாப்பா?" என்று அன்றைக்கு அவள் கேட்டாள்.

"நாப்பது வருசம் ரயில்வே சிக்னல்ல இருந்தவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? போடு சுவிச்ச."

போட்டாள். அந்த நாற்றம் சமையலறைவரை போய், டொரதி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். அப்பா இரண்டு நாள் வேலை அறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் தன்னுடைய நெஞ்சு எக்ஸ்ரேயின் மூலையில் கத்தரிக்கோலை வைத்து ஒரு சின்னச் சதுரம் வெட்டி எடுத்தார். கரண்ட் பாயாது, நெளியும், சூட்டுக்கும் தாங்கும். மோட்டாருக்கும் உடம்புக்கும் நடுவே அதைச் சொருகினார். அடுத்த கிளினிக்கில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த ஓட்டை என்ன ஓட்டை என்று கேட்டாராம். எலி, என்றாராம் அப்பா.

இரண்டாவது சிப் ஆறு வாரம் தபாலில் கிடந்து வந்து சேர்ந்தது. சனிக்கிழமை வந்து எடுங்க, என்று தாஸிமுக்குச் சொல்லிவிட்டார் அப்பா. சொன்னால் சொன்னதுதான். ஒற்றைத் தண்டவாளப் பாதையில், ஒரு ஸ்டேசனில் ட்ரைவர் கையில் வாங்கும் டெப்லட் தகட்டை அடுத்த ஸ்டேசனில் ஒப்படைத்தால்தான் எதிர்ப்பக்கத்துக் கோச்சி நகரலாம். அந்த டெப்லட் மெசின்களைத் திருத்தியே வயது போன மனுசர் அவர். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய தேங்காய்த் துருவியைக்கூட 'வாங்கினவன் குடுக்கணும், அங்க ஒரு கோச்சி நிக்குது' என்று டொரதியை விரட்டித் திருப்பிக் கொடுக்க வைப்பார். டொரதிக்கு அது பத்திக்கொண்டு வரும்.

வியாழன் காலை அனற் வேலைக்குப் போன பிறகு மிச்ச வேலையைத் தானே முடித்து மூடியிருக்கிறார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்திருக்கிறார். த்ரீவீலரில் கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்றைக்குச் சனிக்கிழமை. மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் அம்மாவிடம் போய், 'நீங்க பிழையா விளங்கிட்டீங்க, அப்பா கடைசியா சொன்னது அட்டைப் பெட்டியப் பத்தி' என்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் மிச்சமிருக்கும் அந்த ஒரேயொரு பேச்சையும் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். சொல்லாவிட்டால் அப்பா வாழ்நாளில் முதல் தடவையாக அடுத்தவன் சாமானோடு போய்ச் சேருவார். இரண்டில் எதையும் செய்ய அனற்றுக்கு நெஞ்சில்லை. அப்பா மேல்தான் கோபம் வந்தது. செத்தவரிடம் கோபித்து என்ன செய்ய.

தாஸிம் சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட நீளக் கை சேர்ட். பெட்டியருகே போய்த் தலை குனிந்து ஏதோ முணுமுணுத்துவிட்டு, டொரதியின் முன்னால் நின்றார்.

"டொரதி அக்கா, என்னத்தச் செல்ல. புதன்கிழமை ராவு கூட போன்ல கதைச்சாரு."

டொரதி தலையாட்டினாள். அவர் பந்தலில் ஓரமாக ஒரு கதிரையில் போய் உட்கார்ந்தார். அனற் கோப்பிக் கோப்பையோடு போனாள்.

"மகள், சாமானப் பத்தி கேக்க நான் வரல்ல," என்றார் அவர், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே. "அத மனசுல போட்டுக் குழம்பாதீங்க."

"அது வந்து... பெட்டியில இருக்கு அங்கிள்."

"அப்ப சரிதானே. பெட்டியிலயே ஈக்கட்டும். எல்லாம் ஒரு சரிக்கு வந்த பொறகு நான் எடுத்துக்கிறேன்."

பெட்டியிலேயே இருக்கட்டும் என்று சொந்தக்காரரே வாயால் சொல்லிவிட்டார். இத்தோடு எழும்பிப் போய்விடலாம். நாளை கேட்டால், நீங்கள்தானே சொன்னீர்கள் என்று சொல்லலாம். ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தாள். பிறகு, அம்மா சொன்ன அதே வார்த்தை தன் வாயிலிருந்தும் வருவதைக் கேட்டாள்.

"அந்தப் பெட்டி இல்ல அங்கிள்."

கண்ணால் ஹோலைக் காட்டினாள். தாஸிம் அந்தப் பக்கம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். அப்பா சொன்னதையும் அம்மா விளங்கிக்கொண்டதையும் அனற் தணிந்த குரலில் சொல்லி முடித்தாள்.

"வேல முடிஞ்சிட்டா?" என்றார் தாஸிம் கடைசியில்.

இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா என்று முதலில் தோன்றியது. பிறகு, அப்பாவும் இதைத்தான் முதலில் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

"தெரியாது அங்கிள். மூடிட்டாரு. ஓட்டிப் பாத்தாரான்னு தெரியாது."

"வேற ஒத்தனையும் அதத் தொறக்க நான் உட்டதில்ல மகள். அண்ணன் மட்டும்தான் 'தொறக்கலாமா'ண்டு கேட்டாரு. அதனாலதான் குடுத்தேன். நம்பிக் கையில குடுக்கிற சாமானுக்கு நாங்க அமானிதம்ண்டு செல்லுவோம். வாங்கின ஆள் மௌத்தாப் போனாலும் அது திரும்பி வரணும்." கோப்பையைக் கீழே வைத்தார். "ஆனா இது உங்கட ஊடு, உங்கட முறை. அக்காட மனச நோவிச்சு எடுக்க வேணாம். நான் கேட்டேண்டு ஒரு சொல் வெளிய வரக் கூடாது."

இந்த மனுசர் கொஞ்சம் சண்டை பிடித்திருந்தால் நன்றாயிருக்கும். 'என் சாமானத் தாங்க' என்று நாலு பேர் முன்னால் கத்தியிருந்தால் அனற் பேசாமல் எடுத்துக் கொடுத்திருப்பாள், பழியும் அவர் தலையோடு போயிருக்கும். அவரோ காலை மடக்கிக்கொண்டு, மூன்று மணிவரை அங்கேயே இருக்கப்போகிறவராக உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மணிக்கு அனற் வேலை அறையில் ஒரு காரியம் செய்தாள். யோசித்துச் செய்தது என்று சொல்ல முடியாது. பழைய முறைக் கருவியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ட்ரான்ஸ்போமர் ஒன்று மேசைக்குக் கீழே கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தாள். கிட்டத்தட்ட அதே பாரம். அப்பாவின் லேஞ்சிக் கைக்குட்டை ஒன்றை எடுத்து அதைச் சுற்றினாள். அம்மாவும் எஞ்சினை அப்பாவின் லேஞ்சியில்தான் சுற்றியிருப்பாள், வேறு என்ன இருக்கிறது இந்த வீட்டில். கடைசி நேரத்தில் பாதத்தைத் தொடுகிற சாக்கில் ஒன்றை எடுத்து ஒன்றை வைத்துவிடலாம். அம்மாவுக்குத் தன் நினைப்பு இருக்கும், தாஸிமுக்குத் தன் எஞ்சின் இருக்கும்.

இரண்டே முக்காலுக்கு மலர்ச்சாலை அழகமுத்து கையில் திருகாணிகளோடு வந்தார். பாதிரியார் கழுத்தில் தொங்கிய ஸ்தோலாவைச் சரிசெய்துகொண்டார்.

"கடைசியா பாக்கிறவங்க வந்து பாத்துக்கோங்க."

சனம் வரிசையாக வந்தது. சாந்தகுமார் அண்ணனின் நெற்றியில் முத்தமிட்டு, பந்தலுக்குக் கேட்கிற மாதிரி அழுதார். டொரதி எழும்பிப் போய்க் கணவரின் கன்னத்தில் கையை வைத்துவிட்டு, தலைமாட்டில் நிற்காமல் அப்படியே நகர்ந்து கால்மாட்டுக்கு வந்தாள். அனற் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் குனிந்தாள். ஒரு கையால் பாதத்தைத் தொட்டாள். மறு கை லேஞ்சிப் பொட்டலத்தோடு வலைத்துணிக்கு அடியில் நுழைந்தது.

டொரதி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். நல்ல இறுக்கமாகப் பிடித்தாள்.

"கையில என்னா?"

நாற்பது வயதில் அனற்றுக்குப் பொய் வரவில்லை. "ட்ரான்ஸ்போமர்," என்றாள்.

இரண்டு பேரும் பெட்டிக்கு மேல் குனிந்திருந்தார்கள். தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்றுதான் பின்னால் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

"அம்மா, அது தாஸிம் அங்கிளோடது."

"தெரியும்."

"அப்பா சொன்னது இந்தப் பெட்டிய இல்ல."

"தெரியும்டி."

அனற் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் துக்கத்தைவிட வேறொன்று கூடுதலாக இருந்தது. அது ஆத்திரம். மூன்று நாளாக எல்லோரும் அதைத்தான் அழாத துக்கம் என்று நினைத்திருக்கிறார்கள்.

"நெஞ்சப் புடிச்சிக்கிட்டுப் படுத்திருக்காரு," என்றாள் டொரதி. உதடு அசைவது தெரியாத அளவுக்கு மெல்லிய குரல். "நான் தெருவுக்கு ஓடி த்ரீவீல்காரனக் கூப்பிட்டுட்டு வந்து கையப் புடிக்கிறேன். கண்ணத் தொறந்து என்னையப் பாத்தாரு. ஏதோ சொல்ல வாறாருன்னு குனிஞ்சேன். 'அத பெட்டியில வச்சிரு, மறந்துறாத'ங்கிறாரு. நாப்பத்திமூணு வருசம்டி. 'டொரதி'ன்னு ஒரு சொல்லு இல்ல. போறேன்னு இல்ல. அடுத்தவன் கோச்சிதான் ஞாபகம் வந்துச்சு அவருக்கு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அப்ப நீங்களே கொண்டு போங்கன்னுதான் வச்சேன்."

"அம்மா..."

"வச்சத யாரோ பாத்துட்டாளுங்க. உடனே ஆளாளுக்குக் கடைசி ஆச, கடைசி ஆசன்னு... நான் என்னத்தச் சொல்ல? கோவத்துல வச்சேன்னு சொல்லவா?"

அழகமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாரம் கை மாறுகிற சத்தம் கேட்டது. உங்களைத்தான் நினைத்திருப்பார் என்று சொல்லலாம். அது உண்மையா என்று அனற்றுக்குத் தெரியாது. அம்மா நம்பவும் மாட்டாள்.

"எடுக்கவா?" என்று மட்டும் கேட்டாள்.

டொரதி பிடியை விட்டாள்.

"நீ எடுக்காத. வச்சவ நான்."

வலைத்துணியைத் தூக்கி, காலோரத்திலிருந்து லேஞ்சிப் பொட்டலத்தை எடுத்தாள். எல்லோரும் பார்க்கத்தான் எடுத்தாள்.

சாந்தகுமார் அழுகையை நிறுத்திவிட்டு முன்னால் வந்தார். "அண்ணி! என்னா செய்றீங்க? அது அண்ணனோட கடைசி ஆச!"

"அவரு ஆச எனக்குத் தெரியும் தம்பி. நீங்க மூடுங்க."

அழகமுத்து மூடினார். முதல் திருகாணி இறங்கும்போது டொரதி அழத் தொடங்கினாள். பெரிய அழுகை. பெண்கள் 'அப்பாடா' என்கிற மாதிரி அவளைத் தாங்கிக்கொண்டார்கள். பொட்டலத்தை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. அனற் ட்ரான்ஸ்போமரை வைக்க இடமில்லாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கோயிலுக்கும் அங்கிருந்து மஹியாவ மயானத்துக்கும் அதைத் தோளில் சுமந்துகொண்டே போய் வந்தாள்.

மண் போட்டுத் திரும்பும்போது, கூட்டத்தின் கடைசியில் நின்ற தாஸிமை வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்லி டொரதிதான் ஆள் அனுப்பினாள்.

ஐந்து மணிக்கு வீடு கழுவி முடிந்திருந்தது. சங்கத்துப் பிள்ளைகள் வெளியே கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டொரதி குளித்து வேறு சேலை உடுத்து, சாப்பாட்டு மேசையின் ஒரு தலைப்பில் உட்கார்ந்தாள். மறு தலைப்பில் தாஸிம். நடுவில் லேஞ்சியை விரித்து எஞ்சினை எடுத்து வைத்தாள். புகைபோக்கியில் ஒரு வெள்ளைப் பூவிதழ் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"ஓடுதான்னு பாத்துட்டுக் குடு," என்றாள் மகளிடம். "ஓடாத சாமானக் குடுத்தா அதுக்கும் என்னத்தான் ஏசுவாரு."

அனற் ஒன்றரை முழத் தண்டவாளத்தை மேசையில் நீட்டி வைத்து வயரைக் கொழுவினாள். எஞ்சினின் முகம் தாஸிமைப் பார்க்க, நிலக்கரித் தொட்டி டொரதியின் பக்கமிருக்க, சக்கரம் சக்கரமாகத் தண்டவாளத்தில் இருத்தினாள். சுவிச்சைப் போட்டு, குனிந்து மோந்து பார்த்தாள். நாற்றம் இல்லை. புதுச் சிப்புக்குக் கம்பனி வைத்து அனுப்பும் இலக்கம் மூன்று. மூன்றை அழுத்தினாள். 'முன்னால்' என்பதை அழுத்தி, வேகத்தை இரண்டு புள்ளி கூட்டினாள்.

எஞ்சின் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. பிறகு ஓடியது, பின்பக்கமாக. தாஸிமை விட்டு விலகி, தொட்டி முன்னே வர, மெதுவாக, ஒரு திக்கலும் இல்லாமல் டொரதியை நோக்கி வந்தது. தண்டவாளம் முடிகிற இடத்தில் கீழே விழப்போகிறதென்று டொரதி உள்ளங்கையைக் குறுக்கே வைத்தாள். அது அவள் கையில் வந்து முட்டி நின்றது.

அனற்றுக்குக் காரணம் உடனே தெரிந்தது. மோட்டாருக்குப் போகும் வயர் இரண்டு, ஒன்று செம்மஞ்சள், ஒன்று சாம்பல். 'அது ரெண்டையும் நான் வைக்கிறேன், நீ கடைக்குப் போ' என்று வியாழன் காலை அப்பா சொல்லியிருந்தார். இடம் மாற்றி வைத்துவிட்டார். அதற்காக எஞ்சினைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. சிப்புக்குள் இருபத்தொன்பதாம் அமைப்பில் ஆறு என்றிருப்பதை ஏழு என்று மாற்றினால் முன்பக்கமாக ஓடும். கருவி கையிலேயே இருக்கிறது. பத்து நொடி வேலை.

தாஸிமுக்கும் அது தெரியும். போன வருடம் அவருடைய இன்னொரு எஞ்சின் இப்படிப் பின்பக்கம் ஓடியபோது, பிளேன்டீ குடித்துக்கொண்டே தானே மாற்றியதாக அப்பாவிடம் போனில் பீற்றிக்கொண்டது அவர்தான்.

அனற் அவரைப் பார்த்தாள். அவர் டொரதியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேல முடியல்ல போல மகள்," என்றார்.

அவள் கட்டைவிரல் பொத்தானுக்கு மேல் நின்றது. சனிக்கிழமை வந்து எடுங்க என்று சொன்ன மனுசரை மண்ணில் வைத்து இன்னும் இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை.

"முடியல்லதான் அங்கிள்."

"பின்னுக்கு ஓடுற எஞ்சின வச்சி நான் என்னத்தச் செய்ய. ஆறுதலாப் பாத்துத் தாங்க. அவசரமே இல்ல."

அவர் எழும்பித் தொப்பியைச் சரிசெய்தார். டொரதி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"ரொம்ப நாளாகுமா?"

"கழட்டணும்மா," என்றாள் அனற். "திரும்பக் கழட்டி, எல்லா வயரையும் பாக்கணும். நாளாகும்."

"அப்பிடியா."

தாஸிம் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. இந்த வீட்டுக்கு வந்த ஒரு சாமான் சொன்ன நாளில் திரும்பிப் போகாதது இதுதான் முதல் தடவை. அனற் இன்னும் வேகத்தைக் குறைத்திருக்கவில்லை. எஞ்சின் டொரதியின் உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு, போக இடமில்லாமல், நின்ற இடத்திலேயே சக்கரங்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. டொரதி கையை எடுக்கவில்லை.